லேடீஸ் ஓட்டிய வண்டி

“மேடம் ஓட்டுனாங்கன்னு மட்டும் யார்கிட்டயும் வாயத் தொறக்காதீங்க சார். வெல பாதியா எறங்கிடும்.”

பழைய கார் புரோக்கர் என் வீட்டு போர்டிகோவில் நின்றுகொண்டு, நான் கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டே, என் கணவரிடம் சொன்ன வார்த்தை இது. நான் இரண்டடி தள்ளி நிற்கிறேன். என்னைப் பார்க்கக்கூட இல்லை அந்த ஆள். அதைவிடக் கொடுமை, என் வீட்டுக்காரர் “சரி, சரி” என்று தலையாட்டியது. இத்தனை வருஷம் கழித்து நினைத்தாலும் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது.

அந்த வண்டியை பதினோரு வருஷம் ஓட்டியது நான். கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் வீடு; மேடவாக்கத்தில் நான் வேலை பார்த்த பள்ளிக்கூடம். எண்பதுகளின் ஆரம்பத்தில் மேடவாக்கம் போவதென்றால் பஸ்ஸுக்குத் தவம் கிடக்க வேண்டும். கேம்ப் ரோடில் நின்று நின்று கால் வீங்கிப் போய், முதல் பீரியட் போர்டில் கணக்கு எழுதும்போது முட்டி நடுங்கும். அந்த நேரத்தில்தான் இவருக்கு ஆபீஸில் கார் லோன் கிடைத்தது. ஒரு அம்பாசடர், க்ரீம் கலர். வாங்கும்போதே பழையது, ஆனால் கம்பீரமாக இருக்கும். இவரும் கற்றுக்கொண்டார், லைசென்ஸும் வாங்கினார். முதல் வாரம் ஜி.எஸ்.டி. ரோடில் ஒரு லாரிக்காரன் பின்னாலிருந்து ஹாரன் அடித்தான். இவர் ஓரங்கட்டி நிறுத்திவிட்டு, சட்டையெல்லாம் நனைந்து, பஸ் பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டார். வண்டியை மறுநாள் பக்கத்து வீட்டுக்காரர் போய் எடுத்து வந்தார். அதோடு சரி. லைசென்ஸ் பர்ஸில் இருந்தது, மனிதர் இடது பக்க சீட்டில் இருந்தார்.

நான் மேற்குத் தாம்பரத்தில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். அங்கே நான் ஒருத்திதான் பெண். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கிளட்ச் மிதித்ததை வேடிக்கை பார்க்க ரோடோரம் ஆள் நிற்கும். நின்றால் நிற்கட்டும் என்று கற்றுக்கொண்டேன். அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்துக்குப் போனது நான், பிள்ளைகளை டியூஷனில் விட்டது நான், மாமியாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனது நான், காலையில் இவரை எலெக்ட்ரிக் ட்ரெயினுக்கு ஸ்டேஷனில் கொண்டு விட்டதும் நான். ஸ்டியரிங் தண்டிலேயே கியர் வைத்த அந்தக் கனமான வண்டியைத் திருப்பித் திருப்பி என் வலது தோள் இன்றைக்கும் மழைக்காலத்தில் வலிக்கிறது. அப்பேர்ப்பட்ட என்னைப் பற்றித்தான் அந்தப் புரோக்கர் வாயைத் திறக்காதே என்கிறான்!

விஷயம் இதுதான். தொண்ணூறுகள் பிறந்து, ஊரெல்லாம் சின்னச் சின்னக் கார்களாக வர ஆரம்பித்திருந்தன. நாங்களும் ஒன்றுக்குப் பதிவு செய்து வைத்திருந்தோம். புதுசு வருவதற்குள் பழசை விற்றாக வேண்டும். போர்டிகோவில் ஒரு வண்டிக்குத்தான் இடம். என்ஜின் நன்றாகத்தான் இருந்தது. வெளியேதான் அங்கங்கே கீறல், அங்கங்கே நெளிசல். இதையெல்லாம் டிங்கரிங் பண்ணி, பள்ளத்தைப் பட்டி பூசி நிரப்பி, பெயிண்ட் அடித்து விற்பதா, இருக்கிறபடியே விற்பதா என்பதுதான் கேள்வி.

புரோக்கர் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தான். முன்பக்க இடது மட்கார்டில் இருந்த பெரிய பள்ளத்தில் கை வைத்து, உச்சுக் கொட்டினான்.

“இத்தப் பாத்தவுடனே கண்டுபுட்ச்சிடுவான் சார், லேடீஸ் வண்டின்னு. கிளட்ச்சு போயிருக்கும், கியர் பாக்ஸு போயிருக்கும்னு அவனா கணக்கு போட்டுக்குவான். பூரா பெயிண்ட் பண்ணிடுங்க. ஷோரூம்ல எறக்குன மாறி ஆயிடும்.”

“பண்ணிடலாம்” என்றார் இவர், உடனே.

அவன் போனதும் நான் கேட்டேன். “அந்தப் பள்ளம் யாரால வந்துதுன்னு அவன்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?”

“இப்ப எதுக்கு அந்தப் பழங்கதை?”

எதுக்காம்! அந்தப் பழங்கதை என்னவென்று இப்போதாவது சொல்லிவிடுகிறேன்.

வண்டி வாங்கிய மூன்றாவது வருஷம், ஆயுத பூஜை. வண்டியைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, நாலு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. பூசணிக்காய் உடைத்தாயிற்று. இனி பழத்தின் மேல் வண்டி ஏறி நசுக்க வேண்டும். மற்ற நாளெல்லாம் நான் ஓட்டினாலும் பூஜையன்று மட்டும் வீட்டுக்குத் தலைவர்தான் உட்கார வேண்டும் என்று எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். யார் வைத்தது என்று கேட்காதீர்கள். வண்டியே வந்து மூன்று வருஷம்தான் ஆகிறது, அதற்குள் வழக்கம்! நான் தட்டைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்கிறேன். காலனிப் பிள்ளைகள் பொரிக்கும் சுண்டலுக்கும் கேட்டருகே காத்திருக்கிறார்கள். நல்லவேளை, தெருப் பக்கம் நின்றார்கள்.

இவர் பட்டு வேட்டியோடு ஏறி உட்கார்ந்தார். சாவி போட்டார். கிளட்சை மெதுவாக விட்டால் வண்டி ஒரு முழம் நகர்ந்து, பழம் நசுங்கி, அதோடு முடிந்துவிடும். முதல் இரண்டு வருஷமும் எப்படியோ தப்பித்தது. அந்த வருஷம் கிளட்சைப் பட்டென்று விட்டு, பயத்தில் பிரேக்குக்குப் பதில் ஆக்சிலேட்டரை அழுத்திவிட்டார். வண்டி பழத்தையும் நசுக்கி, கோலத்தையும் அழித்து, நேராகப் போய் கேட் தூணில் டமால்! மாலை அறுந்து பானெட்டின் மேல் விழுந்தது. யாருக்கும் அடி இல்லை. இடது மட்கார்டுதான் உள்ளே போய்விட்டது.

சப்தம் அடங்கியதும் முதலில் வாய் திறந்தது என் மாமியார். “பூஜை நடக்கும்போதே வண்டி இடிச்சுதுன்னு வெளியில தெரிஞ்சா அபசகுனம்னு ஊரே பேசும்டா. அவ காலைல வண்டிய எடுக்கும்போது இடிச்சுட்டான்னு சொல்லிடலாம்.”

அவ! அந்த அவ நான்தான். கையில் கற்பூரத் தட்டோடு நிற்கிறேன். இவர் கார்க் கதவைத் திறந்து இறங்கினார். என் முகத்தைப் பார்த்தார், அம்மா முகத்தைப் பார்த்தார், வேட்டியைச் சரிசெய்துகொண்டு உள்ளே போய்விட்டார். அவ்வளவுதான். தெருவில் நின்ற பிள்ளைகளின் வாயை அடைக்க ஆளுக்கொரு கை சுண்டலை மாமியார் அள்ளிக் கொடுத்தார். சாயங்காலத்துக்குள் காலனி முழுக்கச் செய்தி: டீச்சரம்மா வண்டியைத் தூணில் விட்டுவிட்டாள். பக்கத்து வீட்டு அக்கா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, “நமக்கெல்லாம் எதுக்கும்மா இந்த வேலை?” என்றார். மாமியாருக்கு முன்னால் நான் என்னவென்று சொல்வேன்? பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

மாமியார் காலமாகி நாலைந்து வருஷம் ஆன பிறகும் அந்தப் பள்ளம் என் பேரில்தான் இருந்தது. கல்யாண வீடுகளில் இவருடைய ஒன்றுவிட்ட அண்ணன் கேட்பார்: “என்னம்மா, தூணெல்லாம் சௌக்கியமா?” எல்லோரும் சிரிப்பார்கள். இவரும் சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்க்கும்போதெல்லாம் கையில் இருக்கும் பாயசக் கப்பை அவர் தலையில் கவிழ்க்கலாமா என்று இருக்கும்.

மற்றக் கீறல்களுக்கும் கணக்கு உண்டு. பின்பக்க பம்பர் கோணியது, தாம்பரம் மார்க்கெட் வாசலில் நின்ற வண்டியைக் காய்கறி டெம்போக்காரன் ரிவர்ஸில் வந்து இடித்ததால். வலது பக்கக் கதவில் நீளமாக ஒரு கோடு. சந்தோஷபுரம் பக்கம் வைக்கோல் ஏற்றிப் போன மாட்டு வண்டி உரசியது. நான் ஓட்டும்போது நானாக இடித்தது என்று ஒன்றுகூடக் கிடையாது. சும்மா பெருமைக்குச் சொல்லவில்லை. அந்தக் காலத்து மேடவாக்கம் ரோடில் ஒரு பக்கம் வயல், ஒரு பக்கம் ஏரி, நடுவில் ஒரு பஸ் போகிற அளவுக்குத் தார். அதில் எதிரே வருகிறவனுக்கு வழிவிட்டு மண்ணில் இறங்கி ஏறி ஓட்டினவள் நான்.

எனக்கு இதெல்லாம் போகட்டும் என்றுகூட விட்டிருப்பேன். அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டின்போது இவர் சொன்னதுதான் விவகாரமே.

“புது வண்டிக்கு ஒரு டிரைவர் போட்டுக்கலாம்னு பாக்கறேன்.”

“எதுக்கு?”

“இல்ல, புது வண்டியாச்சே. இது மாதிரி ஆயிடக் கூடாது பாரு.”

இது மாதிரி! சோற்றில் கை வைத்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஒரு பொய்யைச் சொல்லிச் சொல்லி, கடைசியில் இந்த மனிதர் அதைத் தானே நம்ப ஆரம்பித்துவிட்டார்! தான் இடித்த இடியைக் காட்டி என் கையிலிருந்து ஸ்டியரிங்கைப் பிடுங்கப் பார்க்கிறார். மறுபடி நான் கேம்ப் ரோடில் பஸ்ஸுக்கு நிற்க வேண்டும், அல்லது ஒரு டிரைவர் எப்போது வருவான், எப்போது போவான் என்று அவன் முகத்தைப் பார்த்து வாழ வேண்டும். எனக்கு இன்னும் சர்வீஸ் இருக்கிறது. அந்த வண்டி எனக்கு ஆடம்பரமா? அதுதான் என் கால்!

“நல்லா இருக்கே நியாயம். தூண்ல விட்டது நீங்க, ஓட்டக் கூடாதது நானா?”

“சத்தம் போடாதே. பசங்க படிக்கறாங்க.”

“படிக்கட்டும். அப்பா எப்படிப்பட்டவர்னு சேத்துப் படிக்கட்டும்.”

இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. மூன்றாம் நாள் நான் ஒரு முடிவாகச் சொன்னேன். பெயிண்ட் கியிண்ட் எதுவும் வேண்டாம். பதினோரு வருஷம் ஓடின வண்டி பதினோரு வருஷம் ஓடின வண்டி மாதிரித்தான் இருக்கும். வாங்க வருகிறவன் எது எப்படி வந்தது என்று கேட்டால் உள்ளதைச் சொல்வோம். டெம்போவையும் சொல்வோம், மாட்டு வண்டியையும் சொல்வோம், தூணையும் சொல்வோம். நிஜத்தைச் சொல்கிறவனிடம்தான் தைரியமாக வாங்குவான். இவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, “சரிம்மா, உன் இஷ்டம்” என்றார். அவ்வளவு சாதுவாகச் சொன்னபோதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

அந்த ஏப்ரலில் எனக்குப் பரீட்சைப் பேப்பர் திருத்தும் டூட்டி, செங்கல்பட்டில். காலையில் ட்ரெயினில் போய் இருட்டும்போது வருவேன். ஒரு நாள் வந்து பார்த்தால் போர்டிகோ காலி.

“வண்டி எங்கே?”

“சர்வீஸுக்கு விட்டிருக்கேன். புரோக்கர் எடுத்துட்டுப் போனான்.”

நம்பினேன். ஒரு வாரம் கழித்து டூட்டி முடிந்து வருகிறேன், கேட்டுக்கு வெளியிலேயே டர்பன்டைன் வாடை. உள்ளே என் வண்டி நிற்கிறது. என் வண்டியா அது! தலை முதல் கால் வரை புதுப் பெயிண்ட். அதுவும் பழைய க்ரீம் இல்லை. கஸ்டர்ட் பவுடர் கரைத்து ஊற்றின மாதிரி ஒரு மஞ்சள். டெம்போ இல்லை, மாட்டு வண்டி இல்லை. இடது மட்கார்டைக் கையால் தடவினேன். வழவழவென்று இருந்தது. அங்கே ஒன்றுமே நடக்கவில்லையாம்.

“எப்படி இருக்கு?” என்றார் இவர், பின்னால் நின்றுகொண்டு, பரிசு கொடுத்தவர் மாதிரி.

“உங்க மனசாட்சி மாதிரி இருக்கு. மேல பளபள, உள்ள பட்டி” என்றேன். கைப்பையை அப்படியே வாசலில் போட்டுவிட்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டேன். அன்றைக்கு அடுப்பு எரியவில்லை. அவரே பிள்ளைகளை ஹோட்டலுக்குக் கூட்டிப் போனார், நடந்துதான்.

இதில் பெரிய வேடிக்கை இனிமேல்தான். ஷோரூமில் இறக்கின மாதிரி ஆகும் என்றானே புரோக்கர், ஆகவில்லை. முதலில் குரோம்பேட்டையிலிருந்து ஒரு பேங்க்காரர் வந்தார். பானெட்டைத் திறந்தார், கதவோரத்து ரப்பரை விரலால் நிமிர்த்தினார். ரப்பரின் மேல் மஞ்சள் திட்டு. மட்கார்டை விரல் முட்டியால் தட்டினார். மற்ற இடத்தில் டங்கென்றது, அங்கே மட்டும் தொப்பென்றது.

“ஃபுல் பெயிண்ட் எதுக்கு சார் பண்ணீங்க? பெரிய ஆக்சிடெண்டா?”

“சேச்சே, சும்மா அழகுக்கு.”

அவர் ஒரு மாதிரி சிரித்துவிட்டுப் போனார், திரும்பி வரவில்லை. அடுத்து வந்தவரும் தட்டினார், தொப்பென்றது, போனார். அதற்கப்புறம் வந்தவர் தட்டக்கூட இல்லை. பெயிண்டைப் பார்த்ததுமே கிளம்பிவிட்டார். கீறலோடு நின்றிருந்தால் பேரம் பேசியிருப்பார்கள். பளபளவென்று நின்றதால் பயந்தார்கள். எதையோ மறைக்கிறோம் என்று ஒவ்வொருவனுக்கும் தெரிகிறது, என்ன என்றுதான் தெரியவில்லை.

தெரியாவிட்டால் சும்மா இருப்பார்களா? அவர்களாகவே கண்டுபிடித்துக்கொண்டார்கள். ஜூனில் பள்ளிக்கூடம் திறந்து இரண்டாம் நாள், என் வகுப்புப் பிள்ளையின் அம்மா ஒருத்தி கேட்டருகே என்னை நிறுத்தினாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

“டீச்சர், தப்பா நென்ச்சுக்காதீங்க. உங்க வண்டில யாரோ அடிபட்டுட்டாங்களாமே? உயிரு தப்பிச்சுட்சா?”

எனக்குக் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றின மாதிரி இருந்தது. தூணை இடித்தவள் என்ற பேர் போய், இப்போது ஆளை அடித்தவள் என்ற பேர்! இத்தனை வருஷத்தில் அந்த ரோடில் ஒரு கோழிக்குஞ்சைக்கூட மிதிக்காத நான்! யார் சொன்னது என்று கேட்டேன். “வண்டிய பூரா பெயிண்ட் அட்ச்சு விக்கறாங்கன்னு சொல்லிக்கினாங்க” என்றாள். அழுகை வந்தது, ஆத்திரத்தில். வகுப்பில் போய் போர்டைப் பார்த்து நின்றபடியே ஐந்து கணக்கு எழுதிப் போட்டேன், பிள்ளைகள் என் முகத்தைப் பார்க்கக் கூடாதென்று.

அந்த ஞாயிற்றுக்கிழமை புரோக்கர் கடைசியாக ஒருவரைக் கூட்டி வந்தான். மேடவாக்கத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும். விவசாயக் குடும்பம், நிலத்தை மனை போட்டு விற்றிருக்கிறார். குடும்பத்தோடு கோயில் குளம் போக ஒரு பெரிய வண்டி வேண்டும் என்றார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. கண்ணில் கூர்மையான மனிதர். அவரும் தட்டினார். தொப்.

“இன்னா சார், உள்ள மொத்தமா பட்டி வெச்சிகீறே. நெஜத்த சொல்லு. ஆளு கீளு அட்ச்சுட்டியா? கேஸு கீஸு எதுனா கீதா? நாளைக்கு போலீஸு என் வூட்டு வாசல்ல வந்து நின்னா பேஜாரு.”

இவருக்கு முகம் வெளிறிவிட்டது. புரோக்கர் கையைப் பிசைந்தான். நான் வாசல்படியில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். இதோ, இப்போது சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். சொன்னார்.

“ஐயோ, அதெல்லாம் ஒண்ணும் இல்லைங்க. வீட்ல லேடீஸ் ஓட்டுவாங்க. கத்துக்கற நேரத்துல அங்க இங்க இடிச்சுது. அவ்வளவுதான்.”

மேடவாக்கத்துக்காரர் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. “லேடீஸா! அப்டி சொல்லு சார். நான் இன்னாவோ ஏதோன்னு பயந்துகினேன்.”

அந்தப் புரோக்கர் இருக்கிறானே, அவன் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. “ஆமாண்ணா, லேடீஸ் ஓட்டுன வண்டி. ஸ்பீடே போவ மாட்டாங்க. என்ஜின் பட்டு மாறி கீது!” என்றான். வாயத் தொறக்காதே என்று சொன்ன அதே வாய்! என் பேரைச் சொன்னால் விலை இறங்கும் என்றால் நான் ஒளிய வேண்டும். என் பேரைச் சொன்னால் விலை போகும் என்றால் நான் வந்து நிற்க வேண்டும். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கேட் தூணையே பெயர்த்து எடுத்திருப்பேன்.

“ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்கலாம்” என்றார் வந்தவர். புரோக்கர் சாவிக்குக் கை நீட்டினான். “நீ வேணாம்பா. புரோக்கர் ஓட்னா எல்லா வண்டியும் நல்லாத்தான் ஓடும். ஓனர் ஓட்டட்டும்” என்று இவரைப் பார்த்தார்.

“எனக்கு… முதுகு வலி” என்றார் இவர்.

நான் படியிறங்கிப் போய்ச் சாவியை வாங்கிக்கொண்டேன். வந்தவர் என் பக்கத்தில், இவரும் புரோக்கரும் பின்சீட்டில். கேட்டைத் தாண்டி, கேம்ப் ரோடு திரும்பி, மேடவாக்கம் ரோடில் விட்டேன். ராஜகீழ்ப்பாக்கம் தாண்டும்போது எதிரே மணல் லாரி, இந்தப் பக்கம் எருமைக் கூட்டம். பிரேக்கில் ஒரு அழுத்து, இடது சக்கரத்தை மண்ணில் இறக்கி, லாரியைப் போகவிட்டு, குலுக்கலில்லாமல் மறுபடி தாரில் ஏற்றினேன். பக்கத்தில் இருந்தவர் என் காலைப் பார்த்தார், கையைப் பார்த்தார். செம்பாக்கம் ஏரி தெரிய ஆரம்பித்தபோது திரும்பி, பின்சீட்டைப் பார்த்துச் சந்தோஷமாகச் சொன்னார்.

“நல்லா பழக்கி வுட்டுகீறே சார்.”

பழக்கி! உழவு மாட்டுக்குச் சொல்வார்கள் அந்த வார்த்தையை. சரி, அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான், அவர் மேல் எனக்குக் கோபமில்லை. பின்சீட்டிலிருந்து என்ன பதில் வருகிறது என்று கண்ணாடியில் பார்த்தேன். என் வீட்டுக்காரர் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். சிரித்தார்.

“ஹி… பொறுமையா சொல்லிக் குடுத்தா எல்லாம் வந்துடும்.”

வண்டியை ஏரிக்கரையோரம் நிறுத்தினேன். என்ஜினை அணைத்தேன். சாவியை உருவி மடியில் வைத்துக்கொண்டேன். பாதி வண்டி ரோடில்தான் நின்றது, நிற்கட்டும்.

“இன்னா மேடம், ரிப்பேரா?” என்றார் பக்கத்தில் இருந்தவர்.

“வண்டியில ஒண்ணும் ரிப்பேர் இல்லைங்க.” திரும்பி உட்கார்ந்தேன். “எனக்கு யார் சொல்லிக் குடுத்தாங்க? நீங்களா? சொல்லுங்க.”

“என்ன இது, நடு ரோட்ல…”

“நடு ரோட்லதான். எட்டு வருஷமா வீட்டுக்குள்ள கேட்டுப் பாத்துட்டேன். சொன்னாத்தான் சாவி.”

புரோக்கர் ஜன்னல் வழியாக ஏரியில் தண்ணீர் எவ்வளவு என்று ஆராய ஆரம்பித்தான். இவர் கழுத்தெல்லாம் வியர்வை. பின்னால் ஒரு சைக்கிள்காரன் திட்டிக்கொண்டே ஒதுங்கிப் போனான். கடைசியில் இவர் கண்ணாடியைப் பார்த்து, வாய்க்குள்ளேயே, “ஐ டோன்ட் நோ டிரைவிங்” என்றார்.

“தமிழ்ல சொல்லுங்க. இவருக்குப் புரியணும்.”

“எனக்கு வண்டி ஓட்ட வராது.”

“அந்த மட்கார்டு?”

“ஆயுத பூஜை அன்னிக்கு நான்தான் தூண்ல விட்டேன். இவ இல்ல.”

மேடவாக்கத்துக்காரர் என்னைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவருக்கு என்னவோ கணக்கு இப்போதுதான் சரியாகிறது.

“இந்த ஒத்த இடிய மறைக்கவா சார் வண்டி முச்சூடும் பெயிண்ட் அட்ச்சே?”

இவர், தனக்காக நான் பதில் சொல்வேன் என்று எதிர்பார்த்து என் முகத்தைப் பார்த்தார் போலிருக்கிறது. நான் சொல்லவில்லை. என்னிடம் வேறொரு கேள்வி பாக்கி இருந்தது.

“புது வண்டிக்கு டிரைவர்?”

“வேணாம். நீயே ஓட்டிக்கோ.”

ஓட்டிக்கோ! எனக்கு அனுமதி கொடுக்க இவர் யார் என்று அந்த நிமிஷமே மறுபடி சுர்ரென்று ஏறியது. அதையும் அங்கேயே கேட்டிருப்பேன். அதற்குள் பின்னால் பஸ்காரன் வந்து நின்று ஹாரனை அமுக்கிப் பிடித்துக்கொண்டான். சாவியைப் போட்டு வண்டியை எடுத்தேன்.